தனிமையின் நூறு ஆண்டுகள்: குமரி மாவட்ட வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நூலகங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் இந்த நாவலைக் கையில் எடுத்தவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். கதையின் முடிவும் இங்கே பேசப்படுகிறது. அது முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பெயர்களின் எழுத்துக்கூட்டல் உங்கள் பிரதியில் சற்று மாறியிருக்கும். ஆளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இது மந்திர தந்திரக் கதையா? பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பிள்ளைகளுக்கு வேண்டாம். கொலையும் போரும் காமமும் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. எழுதியவர் கொலம்பியாவின் அரகாதாகா என்ற சிற்றூரில் 1927இல் பிறந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். ஸ்பானிஷ் மொழியில் 1967இல் பியூனஸ் அயர்ஸ் நகரிலிருந்து வெளிவந்தது. அவருக்கு 1982இல் இலக்கிய நோபல் கிடைத்தது. தமிழில் நம்ம நாகர்கோவிலில் இருக்கும் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. மக்கோந்தோ என்ற ஊரை உண்டாக்கிய புயேந்தியா குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதை இது.

மந்திரம் உண்டு. ஆனால் அது யாருடைய கஷ்டத்தையும் தீர்ப்பதில்லை. ஜிப்சிகள் பறக்கும் பாய் கொண்டுவருகிறார்கள், ஊர்ப் பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான். அதில் ஏறிப் போரிலிருந்து தப்பியவர் யாருமில்லை. ஒரு பாதிரியார் சூடான சாக்லேட் குடித்துவிட்டுத் தரையிலிருந்து 12 சென்டிமீட்டர் எழும்புகிறார். எதற்கு? கோயில் கட்டப் பணம் பிரிக்க. கடலோரப் பங்குகளில் கோயில் கட்டுமானத்துக்கு வரி கொடுத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே சிரிப்பார்கள்.

எத்தனை நாளில வாசிக்கணும்? நடுவில விட்டா மறந்துபோவுது.

மொத்தம் 20 அத்தியாயங்கள். நூலில் அவற்றுக்கு எண் கிடையாது, அதனால் முதல் வேலையாகப் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். கீழே வரும் பதில்களுக்கும் அது உதவும். ஒரு அமர்வுக்கு இரண்டு அத்தியாயம், பத்து அமர்வுகள் என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் கணக்கு. அமர்வுகளுக்கு இடையே ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு அத்தியாயத்தின் தொடக்கத்தில் இனிமேல் நடக்கப்போவதைச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் சுற்றி வருவது இந்த நாவலின் பழக்கம். பாதியில் மூடினால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

நாலாவது அத்தியாயம் முடியும் வரை பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கைவிடுகிறவர்கள் அதற்கு முன்னாலேயே கைவிடுகிறார்கள். அதற்கு அடுத்த கேள்விதான் காரணம்.

எல்லாவனுக்கும் ஒரே பேரு. யாரு அப்பன், யாரு மவன்னு மனசிலாகல்ல. பேர் எழுதி வச்சும் குழம்புது.

ஆண்களை எழுதி வைத்தால் குழம்பத்தான் செய்யும். பெண்களை எழுதுங்கள். அரைத்தாள் எடுத்து நடுவில் உர்சுலா என்று போட்டுத் தொடங்குங்கள். அவளுக்குக் கீழே மகள் அமரந்தா, வளர்ப்பு மகள் ரெபேக்கா. பக்கத்தில் சீட்டுப் போட்டுக் குறி சொல்லும் பிலார் தெர்னேரா. பிறகு சாந்தா சோஃபியா, பெர்னாண்டா, மேமே, கடைசியில் அமரந்தா உர்சுலா. பெண்களின் பெயர்கள் அவ்வளவாகத் திரும்ப வருவதில்லை. ஆண்களை இந்தப் பெண்களின் மகன், கணவன், காதலன் என்று பக்கத்தில் தொங்கவிட்டால் மரம் நிற்கும். உர்சுலாவின் மகன் கர்னல் அவுரேலியானோவின் 17 மகன்களைத் தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையே இல்லை. நெற்றியில் அழியாத சாம்பல் சிலுவையோடு வருகிற ஒரு கூட்டமாக அவர்களைப் பார்த்தால் போதும்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று மருமகள் அந்தப் பிள்ளையை வேறு பெயரில் கூப்பிட்ட வீடுகள் இங்கே நிறைய. இந்த நாவலில் அந்த விலக்கு கிடையாது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் செத்தவரும் சேர்ந்தே கூப்பிடப்படுகிறார். ஹொசே அர்க்காதியோ என்று பெயர் வைத்தவர்கள் முரட்டுத் துணிச்சல்காரர்கள், அவுரேலியானோக்கள் ஒதுங்கி இருக்கிற கூர்மையான ஆட்கள் என்று உர்சுலா ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். கொள்ளுப்பேரன்களான இரட்டையர்களிடம் மட்டும் அது தப்புகிறது. சின்ன வயதில் ஆள் மாற்றி விளையாடி எங்கோ இடம் மாறிவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். இருவரும் ஒரே நேரத்தில் சாகிறார்கள். குடிபோதையில் பெட்டியைத் தூக்கியவர்கள் ஒருவரை மற்றவர் குழியில் இறக்கிவிடுகிறார்கள். வாசகர் பெயர்களில் குழம்பிய குழப்பம் முழுவதும் அந்த இரண்டு குழிகளில் வந்து முடிகிறது. ஆகவே கொஞ்சம் குழம்புவது நல்லதுதான்.

ஒரு பொண்ணு துணி மடக்கும்போ அப்படியே வானத்துக்குப் போயிட்டாளாம். இதை எப்படி நம்பச் சொல்றீங்க?

பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து, வானத்துக்குப் போன ரெமேதியோஸை விட்டுவிட்டுத் துணியை மட்டும் பாருங்கள். பெண்கள் தோட்டத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறார்கள். ஒரு முனை பெர்னாண்டா கையில். காற்று விரிப்பை இழுக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிமாதக் காற்றில் கொடியில் துணி போட்டவர்களுக்கு அந்த இழுப்பு எப்படி என்று கைக்கே தெரியும். காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதும் அந்தக் காற்றுக்காகத்தான். விரிப்போடு சேர்ந்து ரெமேதியோஸ் எழும்புகிறாள், கைகாட்டுகிறாள், போய்விடுகிறாள். கண் முன்னால் ஒரு பெண் விண்ணேறியதைப் பார்த்த பெர்னாண்டா பிறகு ஆண்டவரிடம் என்ன கேட்கிறாள்? அந்த விரிப்புகளைத் திருப்பித் தரும்படி.

நம்பவைப்பது அந்த விரிப்பின் கணக்குதான். விரிப்புகள் இல்லாமல் இந்தக் காட்சி தனக்கு எழும்பவே இல்லை என்று மார்க்கேஸே சொல்லியிருக்கிறார். அப்படியே நம்பிவிட்ட பிறகு, இந்த வீட்டில் ஒரு மனுஷிக்கும் ஒரு விரிப்புக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்பது உறைக்கிறது. அதுதான் வலி.

பேயும் யட்சியும் மாடனும் நம்ம ஊரிலயும் உண்டு. இதுல என்ன புதுசு?

சொல்லும் முறையில் பெரிய வித்தியாசமில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் இந்த நாவலுக்குள் மற்றவர்களைவிடச் சுலபமாக நுழைகிறார்கள். வில்லடிக்கும் அண்ணாவியும் கொலையையும் குழம்புக்கு அரைத்ததையும் ஒரே தாளத்தில்தான் சொல்லிப் போவார். மார்க்கேஸும் தன் பாட்டி நம்ப முடியாததை முகம் மாறாமல் சொன்ன தொனியைப் பிடித்தபிறகே இந்த நாவலை எழுத முடிந்தது என்று சொன்னவர்.

வித்தியாசம், செத்தவர் என்ன கேட்கிறார் என்பதில் இருக்கிறது. அநியாயமாகச் செத்தவர் நம்மிடம் பீடம் கேட்பார், படையல் கேட்பார், கள்ளியங்காட்டு நீலி போல உயிரையே கேட்பார். கொடுத்தால் அடங்கித் தெய்வமாவார். இரண்டாவது அத்தியாயத்தில் வரும் புருதென்சியோ அகிலார் எதுவும் கேட்பதில்லை. கோழிச்சண்டையில் எழுந்த வாய்த்தகராறில் உர்சுலாவின் கணவன் எறிந்த ஈட்டியால் தொண்டை கிழிந்து செத்தவன் அவன். ராத்திரி தண்ணீர்க் குடத்துப் பக்கம் நின்று காயத்தை நனைக்கப் பார்க்கிறான். உர்சுலா பயப்படவில்லை, பாவப்படுகிறாள். வீடு முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரம் வைக்கிறாள். இன்னும் வெகுகாலம் கழித்து, சாவின் தனிமை தாங்காமல் தன்னைக் கொன்றவனையே தேடி அவன் மக்கோந்தோவுக்கு வந்து சேர்கிறான். கொன்றவனும் செத்தவனும் கிழவர்களாக உட்கார்ந்து சேவல் வளர்ப்பது பற்றிப் பேசுகிறார்கள். நம் கதைகளில் இந்த இருவரும் ஒரு திண்ணையில் உட்கார மாட்டார்கள்.

கூட வாசிச்சவங்க அழுதோம்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் வரல்ல. நான் எங்கயாவது விட்டுட்டேனா?

விடவில்லை. நடக்கிற நேரத்தில் அழுகை வராதபடிதான் இது எழுதப்பட்டிருக்கிறது. சொல்பவர் யாருடைய துக்கத்தையும் விவரிப்பதில்லை, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பாதிப்பு ஐம்பது பக்கம் தள்ளியோ புத்தகத்தை மூடிய பிறகோ வரும். வரவில்லை என்றால் ஏழாவது அத்தியாயத்தில் ரத்தம் நடந்து வரும் பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். உர்சுலாவின் மூத்த மகன் ஹொசே அர்க்காதியோ தன் வீட்டில் துப்பாக்கிக் குண்டால் சாகிறான். ரத்தம் வாசலைக் கடந்து, தெருவில் இறங்கி, படிகள் ஏறி, மூலை திரும்பி, தாய் வீட்டுக்குள் நுழைகிறது. விரிப்புகளில் கறை படாதபடி சுவரோரமாகவே போகிறது. கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் அமரந்தாவின் நாற்காலிக்கு அடியால் போய், ரொட்டிக்கு 36 முட்டை உடைக்கப்போகும் உர்சுலாவின் அடுக்களையில் முடிகிறது. இப்போது ஐந்தாவது அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ரெபேக்காவைக் கட்டியதற்காக இந்த மகனை வீட்டு வாசல் மிதிக்கக் கூடாதென்று விலக்கி வைத்தவள் அம்மாதான். ஆள் வரவில்லை. ரத்தம் வருகிறது, அம்மாவின் விரிப்பை அழுக்காக்காமல்.

இரண்டாவது இடம், பதின்மூன்றாவது அத்தியாயத்தில் உர்சுலாவின் கண். அவளுக்குப் பார்வை போய்விட்டது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மணத்தையும் குரலையும் தூரத்தையும் மனப்பாடம் செய்துகொள்கிறாள். வீட்டில் எல்லாரும் தினமும் ஒரே வழியில் நடந்து, ஒரே நேரத்தில் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறாள். பெர்னாண்டாவின் மோதிரம் காணாமல் போனபோது கண்ணுள்ளவர்கள் வழக்கமான இடங்களிலேயே தேடுகிறார்கள். அன்று பெர்னாண்டா வழக்கத்துக்கு மாறாகச் செய்தது என்ன என்று யோசித்து, மெத்தையை வெயிலில் போட்டது ஞாபகம் வந்து, உர்சுலா எடுத்துக் கொடுக்கிறாள். வாசிக்கும்போது இது சாமர்த்தியக் கதை. பதினேழாவது அத்தியாயத்தில் அவளே சுருங்கிக் குழந்தையளவாகி, பேரப்பிள்ளைகள் பொம்மையாக வைத்து விளையாடி அலமாரிக்குள் ஒளிக்கும்போது இந்த மோதிரம் திரும்ப நினைவுக்கு வரும்.

கர்னலின் தங்கமீன்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 32 கலகம் செய்து அத்தனையும் தோற்றவர், கடைசியில் மீன் செய்கிறார், விற்பதை நிறுத்துகிறார், 25 ஆனதும் உருக்கி மறுபடி செய்கிறார். அதை விளக்கவே வேண்டாம்.

அமரந்தாவை எனக்குப் பிடிக்கவே இல்ல. வந்தவனை எல்லாம் துரத்திட்டு கடைசியில தவம் போல இருக்கா. எதுக்கு?

உர்சுலாவுக்கும் வெகுகாலம் இதே எண்ணம்தான். பியெத்ரோ கிரெஸ்பியை ரெபேக்காவிடமிருந்து பறிக்கத் துடித்தவள், அவன் தானாக வந்து கேட்டபோது மறுக்கிறாள். அவன் தற்கொலை செய்துகொள்கிறான். அவள் அடுப்புக் கனலில் கையை வைத்துச் சுட்டுக்கொள்கிறாள். அந்தக் கையில் கட்டிய கருப்புத் துணியைச் சாகும்வரை அவிழ்ப்பதில்லை. பிறகு வருடக்கணக்கில் காத்திருந்த ஹெரினெல்தோவையும் மறுக்கிறாள். பார்வை போன உர்சுலாவுக்கு, மேலே சொன்ன பதின்மூன்றாவது அத்தியாயத்தில்தான், இவளைப்போல அன்புள்ளவள் வேறில்லை, ஆனால் அன்பைவிடப் பயம் பெரிதாகிவிட்டது என்று விளங்குகிறது. மகன் கர்னலோ யாரையுமே நேசிக்காதவன் என்பதும் அப்போதே விளங்குகிறது. நாம் பார்த்ததெல்லாம் தலைகீழாகிற இடம் அது.

அவள் சாவு பதினான்காவது அத்தியாயத்தில். தன் சவத்துணியை நெய்து முடிக்கும் நாளில் போவாய் என்று சாவே வந்து சொல்லிப்போகிறது. அவள் வேலையை இழுத்தடிக்கிறாள், முடிக்கிறாள், பிறகு செத்தவர்களுக்குக் கடிதம் இருந்தால் கொடுங்கள், கொண்டுபோகிறேன் என்று ஊருக்குச் சொல்லியனுப்புகிறாள். ஊரும் பெட்டி நிறையக் கடிதம் கொடுக்கிறது. வாழ்நாளில் ஒருவருக்கும் உதவாதவள் என்று பெயரெடுத்தவள் இப்படிக் கணக்குத் தீர்க்கிறாள்.

வாழைத் தோட்டக் கம்பெனி 3000 பேரை சுட்டுக் கொன்னதா வருதே, அது நடந்ததா?

1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியேனகா ஊரில், யுனைட்டட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. அது வரலாறு. செத்தவர் எண்ணிக்கை இன்றுவரை தீராத வாக்குவாதம். 3000 என்பது நாவலின் எண். பிணங்களை ஏற்றிய, கிட்டத்தட்ட 200 பெட்டிகள் கொண்ட ரயிலும் நாவலுடையது.

நம் மாவட்டத்தார் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்தவர் எத்தனை என்பது நூலுக்கு நூல் மாறும். மக்கோந்தோவில் நிலைமை இன்னும் மோசம். பிணங்களுக்கு நடுவே கண்விழித்துத் தப்பி வந்த, இரட்டையரில் ஒருவனான ஹொசே அர்க்காதியோ செகுந்தோ சொல்வதை ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. இங்கே யாரும் சாகவில்லை என்கிறார்கள். பெண் வானத்துக்குப் போனதை ஏற்றுக்கொண்ட அதே ஊர்தான். அற்புதத்தை நம்பி, நடந்த கொலையை நம்ப மறுக்கிற இந்த இடத்துக்காகவே முதல் 14 அத்தியாயங்களில் நம்மை அற்புதங்களுக்குப் பழக்கியிருக்கிறார் என்று தோன்றும்.

மழை பெய்துட்டே இருக்கிற அத்தியாயம் போரடிக்குதே?

போரடிக்க வேண்டும். 4 வருடம், 11 மாதம், 2 நாள் பெய்கிறது, சுட்டதன் தடயம் கழுவப்படுகிறது. இடவப்பாதியும் துலாமழையுமாக வருஷத்தில் இரண்டு தடவை நனைகிற நமக்கு அலமாரித் துணியில் பூஞ்சை பூப்பது புதிதா என்ன. ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள்.

மாமன் மவளைக் கட்டுறது நமக்கு சாதாரணம். சொந்தத்துக்குள்ள கட்டினா பன்றி வாலோட பிள்ளை பிறக்கும்னு இவங்க ஏன் இப்படிப் பயப்படுறாங்க?

இங்கே பலரும் இந்தப் பயத்தைப் பாதி சிரிப்போடுதான் வாசிக்கிறார்கள். உர்சுலாவும் அவள் கணவனும் உறவுக்காரர்கள். முன் தலைமுறையில் அப்படி ஒரு கல்யாணத்தில் வாலோடு பிறந்தவன் 42 வயதில், வாலை வெட்டியதில் ரத்தம் போய்ச் செத்திருக்கிறான். அதனால் அவளுக்குப் பயம். சரி, கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு வாருங்கள். அங்கே சேர்கிறவர்கள் அமரந்தா உர்சுலாவும் அவுரேலியானோ பாபிலோனியாவும். பெண்களை வைத்து எழுதிய உங்கள் அரைத்தாளைப் பாருங்கள்: அவன் மேமேயின் மகன்; அவள் மேமேயின் தங்கை. அவனுக்கு அவள் சித்தி. அதுவரை சிரித்த தமிழ் வாசகருக்கு அங்கே வாய் அடைத்துவிடும்.

கொடுமை என்னவென்றால் அந்த இருவருக்கும் உறவு தெரியாது. நூறு வருடத்தில் காதலால் உண்டான ஒரே பிள்ளை என்று அவர்களுடைய குழந்தையைப் பற்றியே நாவல் சொல்கிறது. வாலும் அந்தப் பிள்ளைக்குத்தான். தாய் ரத்தப்போக்கில் சாகிறாள், பிள்ளையை எறும்புகள் இழுத்துப் போகின்றன.

முடிவை ஒருத்தன் சொல்லிட்டான். இனி வாசிச்சு பிரயோஜனம் உண்டா?

உண்டு. கர்னல் சுடும் படையின் முன்னால் நிற்பான் என்று முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. (சுடப்பட்டுச் சாவதில்லை என்பது வேறு விஷயம்.) கடைசியில் மெல்குயாதெஸ் என்ற ஜிப்சி எழுதி வைத்த ஏடுகளில் இந்தக் குடும்பக் கதை முழுவதும் முன்பே இருந்தது தெரிகிறது. முடிவை அறிந்தவர்கள் இரண்டாவது வாசிப்பின் பலனை முதல் வாசிப்பிலேயே பெறுவார்கள். உர்சுலாவின் மோதிரத்தைப் போன்றவை உடனே கனக்கும்.

வீட்டில ஒரு சாவு நடந்து நாள் ஆகல்ல. இப்ப வாசிக்கலாமா?

முதல் ஏழு அத்தியாயங்கள் வாசிக்கலாம். ஏழாவதன் முடிவில் உர்சுலாவின் கணவர், கிழவர் ஹொசே அர்க்காதியோ புயேந்தியா சாகும்போது இரவெல்லாம் மஞ்சள் பூ மழையாகக் கொட்டி, சவ ஊர்வலம் போக மண்வெட்டியால் வழி அள்ள வேண்டியிருக்கும். துக்க வீட்டிலிருந்தவர்கள் அந்தப் பக்கம் ஆறுதலாக இருந்தது என்கிறார்கள். பதினேழுக்கு மேல் சில மாதம் கழித்துப் பாருங்கள். முதுமை, மறதி, கவனிப்பில்லாத வீடு எல்லாம் நெருக்கமாக வரும்.

எங்க தரவாட்டுக் கதையை இதே மாதிரி எழுதணும். எங்க தொடங்க?

முதலில், நம் மண்ணில் குடும்ப நாவல் மரபு உண்டு. இரணியலை வைத்து நீல. பத்மநாபன் 1968இல் ‘தலைமுறைகள்’ எழுதினார். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’, 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, ஒரு பெரிய வீடு சிதைவதைச் சொல்கிறது. மாயமே இல்லாமல் ஒரு வீடு எப்படி எழுதப்படுகிறது என்பதை அவற்றில் பார்த்துவிட்டு அற்புதத்துக்கு வாருங்கள்.

வழக்கமாகக் கெடுவது இப்படி: “திடீரென்று ஓர் அதிசயம் நிகழ்ந்தது. கடலில் மறைந்த தாத்தா கண்முன் தோன்றினார். எல்லாரும் வியப்பில் உறைந்தனர்.” திடீரென்று, அதிசயம், வியப்பு மூன்றையும் வெட்டுங்கள். பிறகு இப்படி எழுதிப் பாருங்கள்: “கடலில் போன ஒன்பதாம் வருஷம் பங்குனியில் தாத்தா வந்தார். காலெல்லாம் மணல். கிணற்றடியில் கழுவிட்டு உள்ளே வரும்படி ஆச்சி சொன்னாள். சோறு மூன்று பேருக்குத்தான் வடித்திருந்தது.” தாத்தாவை நம்பவைப்பது மணல். வாசகரைத் தொடுவது மூன்று பேர் சோறு, ஒன்பது வருஷத்தில் அந்த வீடு அவருக்காக வடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது என்பது அதில் இருக்கிறது.

யானைகள் பறந்தன என்றால் நம்பமாட்டார்கள், 425 யானைகள் என்றால் நம்பக்கூடும் என்று மார்க்கேஸ் ஒரு பேட்டியில் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் பயன் இல்லை. 36 முட்டை நிற்பதற்குக் காரணம் அன்று உர்சுலா ரொட்டிக்கு மாவு பிசைய இருந்தது. ஒரு அத்தியாயத்துக்கு ஓர் அற்புதத்துக்கு மேல் வேண்டாம், அதைச் சுற்றி நாலைந்து வீட்டுக் காரியம் இருக்கட்டும். அற்புதம் நடந்த மறுநாளும் அந்த வீட்டில் கடன்காரன் வந்து நிற்க வேண்டும். கதைச்சிக்கலை அற்புதமே அவிழ்த்துவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சீரிஸ் வந்திருக்கே, அதைப் பார்த்தா போதாதா?

நெட்ஃபிளிக்ஸில் 2024 டிசம்பரில் முதல் பாகம் 8 பகுதிகளாக வந்தது. மார்க்கேஸ் உயிரோடிருந்தவரை படமாக்க உரிமை கொடுக்கவில்லை. பிறகு குடும்பம் கொடுத்தது. பெயர்க் குழப்பத்துக்கு முகங்கள் நல்ல மருந்து. ஆனால் முகம் மாறாமல் கதை சொல்லும் அந்தக் குரலைத் திரையில் முழுக்கக் கொண்டுவர முடியாது. பறப்பதைக் கண்ணால் பார்த்தவுடன் விரிப்பை மறந்துவிடுவோம். முதலில் நாலு அத்தியாயம் வாசித்துவிட்டுப் பாருங்கள்.